சாரல் வழியே ஏறுங்கள், காய்ந்த வழியே இறங்குங்கள்: அப்பர் பைன்ஸ் முகாமும் சுற்றியுள்ள மலைப்பாதைகளும்

கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு நாங்கள் போனது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு முறையும் பூங்காவுக்கு வெளியே ஓர் ஊரில் அறை எடுத்தோம். காலையில் கிளம்பி, மலைச்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஓட்டி, உள்ளே வந்து கார் நிறுத்த இடம் தேடி முடிப்பதற்குள் பதினோரு மணி ஆகிவிடும். வெயில் ஏறியிருக்கும், பாதை முழுக்க ஆட்கள் இருப்பார்கள். இந்த முறை மே மாதக் கடைசியில், பள்ளத்தாக்கின் உள்ளேயே இருக்கும் அப்பர் பைன்ஸ் முகாமில் டென்ட் போட்டு மூன்று இரவு தங்கினோம். நான், என் வீட்டுக்காரர், பன்னிரண்டு வயது மகள், தென்காசியிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. அம்மாவுக்கு 67 வயது. இடது முழங்காலில் தேய்மானம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முகாமின் அருமை முகாமில் இல்லை. டென்ட் ஜிப்பைத் திறந்து, ஷூ மாட்டி, காரைத் தொடாமல் கால்நடையாகவே மலைப்பாதைக்குப் போய்விடலாம், அதில்தான் இருக்கிறது. அதற்காகவே நான் இதற்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு. ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி காலை 7 மணிக்கு, பசிபிக் நேரப்படி, அதிகபட்சம் ஐந்து மாதம் முன்னதாக, ஒவ்வொரு மாதத்துக்கான இடங்களாக இணையத்தில் திறக்கிறார்கள். அப்பர் பைன்ஸில் 230-க்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தும் சில நிமிடங்களில் காலியாகிவிடும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு அந்தப் படபடப்பு புதிதாக இருக்காது. நாங்கள் மூன்று கணினியில் உட்கார்ந்தோம், ஒன்றில் கிடைத்தது. ஓர் இடத்துக்கு ஓர் இரவு 36 டாலர் கட்டினோம். அதில் ஆறு பேர் வரை தங்கலாம். கிடைக்காவிட்டால் மனம் விட்டுவிடாதீர்கள். தேதி நெருங்க நெருங்கப் பலர் ரத்து செய்வார்கள், காலையும் மாலையும் எட்டிப் பார்த்தால் ஒன்றிரண்டு தட்டுப்படும்.

முகாம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில், பைன் மரக் கூட்டத்துக்குள் இருக்கிறது. பைன்களுக்கு நடுவே இன்சென்ஸ் சீடர் என்றொரு மரம் நிறைய நிற்கிறது. பென்சில் செய்ய எடுக்கும் மரம் அது. விழுந்து கிடந்த ஒரு சிராயை மகள் முகர்ந்து பார்த்து ஆச்சியிடம் நீட்டினாள். புதுப் பென்சில் சீவியது போலவே மணந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மேசை பெஞ்ச், தீ மூட்ட இரும்பு வளையம், கரடிப் பெட்டி இருக்கும். தண்ணீர்க் குழாயும் ஃப்ளஷ் கழிப்பறையும் நடக்கும் தூரத்தில் உண்டு. குளிக்க வசதி கிடையாது. குளிக்க வேண்டுமென்றால் கறி வில்லேஜ் என்ற விடுதி வளாகத்துக்குப் போகலாம். அந்தப் பெயருக்கும் நம் கறிக்கும் சம்பந்தமில்லை. 1899-இல் அதைத் தொடங்கிய தம்பதியின் குடும்பப் பெயர் அது. அப்புறம், டென்ட்டுகள் நெருக்கமாக இருக்கும். பக்கத்து இடத்தில் யார் குறட்டை விடுகிறார் என்பது தெரியும். காட்டுக்குள் தனிமை தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

கரடிப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். இங்கே கருங்கரடிகள் நடமாடுகின்றன. அவற்றின் மூக்குக்கு வாசனை பட்டால் கார்க் கதவைக்கூட மடக்கிப் பிரித்துவிடும். அதனால் உணவை டென்ட்டிலோ காரிலோ வைக்கக் கூடாது. மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துத் தாழ்ப்பாள் போட வேண்டும். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம் உண்டு. உணவு என்று அவர்கள் சொல்வது சாப்பாட்டை மட்டுமல்ல, மணம் உள்ள எதுவும் அந்தக் கணக்கில் வரும். சோப்பு, பற்பசை, முகக் கிரீம், மருந்து, காலிப் பால் பாக்கெட் எல்லாம் சேர்த்தி.

அம்மாவின் கைப்பையைக் கொட்டிப் பார்த்தேன். அமிர்தாஞ்சன் டப்பா, தேங்காய் எண்ணெய், வெற்றிலை, சீவல், ஏலக்காய், விபூதிப் பொட்டலம், முழங்காலுக்குத் தடவும் தைலம். விபூதியைத் தவிர எல்லாவற்றையும் பெட்டிக்கு அனுப்பினேன். தைலம் இல்லாமல் எப்படித் தூங்குவது என்று அம்மாவுக்குக் கவலை. சாயங்காலமே தடவித் தேய்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டினோம். புளிக்காய்ச்சல், பெருங்காயம், ஊறுகாய், இட்லிப்பொடி, மாவு, தயிர் எல்லாம் ஏற்கெனவே அதற்குள் இருந்தன. நாலு பேருக்கு மூன்று நாள் சாமான் சரியாக அடங்கியது. பெரிய ஐஸ் பெட்டி கொண்டு வருகிறவர்கள் அளவு பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியின் உயரம் ஒன்றரை அடிதான்.

கோடையில் பள்ளத்தாக்கில் மாலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரைக்கும்தான் தீ மூட்டலாம். கீழே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கவும் அனுமதி இல்லை, விறகை விலைக்கு வாங்கித்தான் எரிக்க வேண்டும். அடுப்புக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது என்பதால் கையடக்க கேஸ் அடுப்பில் காபி போட்டோம். மே மாதக் கடைசியிலும் விடியற்காலையில் நடுங்க வைக்கும் குளிர். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். தூங்கும் பைகளை எங்கள் ஊர்க் கடை ஒன்றில் வாடகைக்கு எடுத்தோம். குளிருக்குத் தாங்கும் என்று சொல்லிக் கொடுத்த பையில் ஒன்றுக்கு ஜிப்பே ஏறவில்லை. முதல் இரவு என் வீட்டுக்காரர் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு படுத்தார். வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலேயே விரித்து, உள்ளே புகுந்து, ஜிப்பை இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

சரி, பாதைகளுக்கு வருகிறேன்.

முகாமிலிருந்து ஹேப்பி ஐல்ஸ் என்ற இடத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. இலவச ஷட்டில் பஸ்ஸும் உண்டு, அதற்கு 16-ஆம் எண் நிறுத்தம். அங்கிருந்துதான் மிஸ்ட் ட்ரெயில் தொடங்குகிறது. ஜான் மியூர் ட்ரெயில் என்ற, 211 மைல் நடந்து விட்னி சிகரம் வரைக்கும் போகிற நெடும்பாதைக்கும் தொடக்கம் அதுதான். மெர்செட் ஆற்றை ஒட்டியே ஏறினால் முதலில் ஒரு மரப்பாலம், அப்புறம் 317 அடி உயர வெர்னல் அருவி, அதற்கும் மேலே 594 அடி உயர நெவாடா அருவி.

முதல் நாள் அம்மாவோடு பாலம் வரைக்கும் மட்டும் போவது என்று முடிவு செய்தோம். பாலம் ஒரு பக்கம் 0.8 மைல், அதாவது 1.3 கிலோமீட்டர். கேட்கச் சின்னத் தூரமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் 400 அடி ஏற வேண்டும். தார் போட்ட பாதை என்பதால் தடுக்கி விழும் பயமில்லை, ஆனாலும் மூச்சு வாங்கும். காலை ஆறரைக்குக் கிளம்பினோம். அம்மா நூல் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, என் பழைய ஷூவை மாட்டி, இரண்டு கையிலும் நடைக்கோல் பிடித்திருந்தார். அந்த நேரத்தில் பாதையில் ஆள் அதிகமில்லை. வலப்பக்கம் ஆறு பாறைகளில் மோதி நுரைத்து இறங்கியது. பேசினால் காதில் விழாத அளவுக்கு இரைச்சல். உட்கார வாகான பாறை தென்பட்ட இடத்தில் எல்லாம் உட்கார்ந்தோம். முந்திச் செல்கிறவர்கள் எல்லாரும் அம்மாவுக்கு வணக்கம் சொல்வது போலத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வளைவில் எதிர்மலையின் பிளவில் இல்லிலுவெட் என்ற அருவி கொஞ்சம் தெரியும். பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள், நின்று பாருங்கள்.

பாலத்துக்கு வந்து சேர எட்டு மணி ஆகிவிட்டது. நடுப்பாலத்தில் நின்று ஆற்றின் மேல்திசையைப் பார்த்தால் வெர்னல் அருவி முழு அகலத்துக்கும் வெள்ளையாகத் தொங்குகிறது. காற்று நம் பக்கம் திரும்பியபோது முகத்தில் ஊசி ஊசியாக ஈரம் பட்டது. அம்மா கைப்பிடிக் கட்டையைப் பிடித்தபடி நின்றவர், "ஏட்டி, இது நம்ம குத்தாலச் சாரல்லா!" என்றார். தென்காசிக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனி, ஆடியில் தேர் வீதியில் நின்றாலே முகத்தில் படுமே, அதே நயம், அதே குளிர்ச்சி. மிஸ்ட் ட்ரெயில் என்பதைச் சாரல் பாதை என்றுதான் இனி எங்கள் வீட்டில் சொல்வோம்.

அம்மாவுக்கு ஒரே வருத்தம். "இவ்வளவு தண்ணி விழுது, ஒருத்தரும் குளிக்கலியே ட்டி." குற்றாலத்தில் பேரருவித் தண்ணீர் பொங்குமாங்கடலில் விழுந்து, அங்கே பொங்கி, வேகம் தணிந்துதான் நம் தலையில் இறங்குகிறது. இங்கே அப்படி வேகத்தைத் தாங்கிக்கொள்ள இடையில் எதுவும் இல்லை. மேலே மலைகளில் உருகும் பனி அப்படியே வருகிறது, ஐஸ் தண்ணீர். அடியில் போய் நிற்க முடியாது, அதற்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. இதைச் சொன்னதும் அம்மா, கைப்பிடியில் திரண்டிருந்த நீரை விரலால் வழித்துத் தலையில் தெளித்துக்கொண்டார். மகளுக்கும் தெளித்தார்.

பாலத்துக்குப் பக்கத்தில் கழிப்பறையும், சீசனில் குடிநீர்க் குழாயும் உண்டு. இதற்கு மேலே நல்ல தண்ணீர்க் குழாய் கிடையாது, எல்லாப் பாட்டிலையும் இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தரை அணில்கள் காலடியிலேயே சுற்றும். நம் முற்றத்து அணிலைவிடப் பெரியவை, முதுகில் மூன்று கோடும் இல்லை. அம்மா முறுக்கை ஒடித்துவிட்டார், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம், கடிக்கவும் செய்யும். பையைத் திறந்து வைத்தால் உள்ளே புகுந்துவிடும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தப் பாலம் வரைக்கும் வருவதே ஒரு முழு நடை. பாதியில் திரும்புகிறோமே என்று நினைக்க வேண்டிய அவசியம் இல்லை. அருவியை முழுதாகப் பார்த்தாகிவிட்டது, சாரலும் பட்டாகிவிட்டது. இறங்கும்போதுதான் முழங்காலுக்குக் கூடுதல் சிரமம். அம்மா பாதையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளைந்து வளைந்து இறங்கினார். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு ஏறி இறங்கிய காலத்துப் பழக்கம். நல்ல முறை அது, சரிவின் வேகம் காலில் ஏறாது.

இரண்டாம் நாள் அம்மாவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஓய்வு. நானும் மகளும் நெவாடா அருவி வரைக்கும் போய் வந்தோம். ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. நேரே போவது சாரல் பாதை, வலப்பக்கம் ஏறுவது ஜான் மியூர் பாதை. இந்தப் பிரிவை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது இதே இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டும்.

சாரல் பாதையில் 600-க்கும் மேற்பட்ட கருங்கல் படிகள். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் பாறைச்சுவர். ஒரு படி போல மறு படி இருக்காது. ஒன்று அரை அடி உயரம், அடுத்தது முழங்கால் உயரம். சில படிகளில் நடுவில் குழிந்து தண்ணீர் தேங்கி நிற்கும். ஓரங்களில் பாசி, பாறை இடுக்கில் பெரணி. அருவியை நெருங்க நெருங்க, சாரல் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் மழையாகவே கொட்டியது. மழை அங்கியை மீறிக் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கியது. மகளின் கண்ணாடி முழுக்கத் துளிகள். அவள் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு படியிலும் காலை முழுதாக ஊன்றி, அது நின்றதும்தான் அடுத்த காலை எடுத்தோம். அவசரப்படுத்த அந்த நேரத்தில் பின்னால் யாரும் இல்லை. நாங்கள் காலை ஆறு மணிக்குக் கிளம்பியதே இதற்காகத்தான். முன்பொரு தடவை பகல் பன்னிரண்டு மணிக்கு இதே படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரை ஒருவர் ஒட்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒரு விஷயம், வானவில் பார்க்க வேண்டுமென்றால் சூரியன் உயர்ந்த பிறகுதான் வர வேண்டும். காலையில் பள்ளத்தாக்கு நிழலில் கிடக்கும். நான் வானவில்லை விட்டுக்கொடுத்து வெறிச்சோடிய படிகளை எடுத்துக்கொள்வேன்.

கடைசியில் ஓர் ஒடுங்கிய பாறை விளிம்பு, கம்பியைப் பிடித்து ஏற வேண்டும். ஏறியதும் வெர்னல் அருவியின் உச்சி. அகலமான பாறைத் தளம், நுனியில் இரும்புத் தடுப்பு. ஹேப்பி ஐல்ஸிலிருந்து இதுவரைக்கும் 1.2 மைல், 1,000 அடி ஏற்றம். ஆடையைப் பிழிந்து பாறையில் விரித்துவிட்டுப் புளியோதரை சாப்பிட்டோம். நனைந்து, குளிர்ந்து, பசித்து உட்கார்ந்து தின்ற அந்தப் புளியோதரையின் ருசியை மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அருவியின் உச்சிக்குச் சற்று மேலே எமரால்ட் பூல் என்று பச்சைநிறக் குளம் ஒன்று இருக்கிறது, அதற்கு மேலே வழவழப்பான பாறைச் சரிவு. பார்த்தால் இறங்கிக் குளிக்கத் தோன்றும். பாபநாசம், அகத்தியர் அருவி என்று தண்ணீரிலேயே வளர்ந்த நமக்கு இன்னும் கூடுதலாகத் தோன்றும். தயவுசெய்து இறங்காதீர்கள். தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும், சற்றுத் தள்ளி அது 317 அடி கீழே விழுகிறது. 2011 ஜூலையில் தடுப்பைத் தாண்டி இறங்கிய மூன்று பேரை இந்த ஆறு அருவியோடு அடித்துக்கொண்டு போனது. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் காதில் ஏறாது.

குளத்துக்கு மேலே பாலம் ஒன்றைக் கடந்து மறுகரைக்குப் போனால் நெவாடாவின் ஏற்றம். கல்லும் கரடுமாக வளைந்து வளைந்து ஏறும் வழி. வெர்னலைவிட நனைவது குறைவு, களைப்பு அதிகம். மேலே போய்ச் சேர மொத்தம் 2.7 மைல், 2,000 அடி ஏற்றம். ஒன்பதரை மணிக்கு உச்சியில் இருந்தோம். ஆறு ஒரு சின்னப் பாலத்துக்கு அடியில் குறுகி ஓடி, அப்படியே வெளியில் குதிக்கிறது.

இப்போது இந்தப் பதிவின் தலைப்புக்கு வருகிறேன். இறங்கும்போது சாரல் பாதையில் இறங்காதீர்கள். முதல் தடவை வந்தபோது வெர்னல் உச்சியிலிருந்து அதே படிகளில் இறங்கினேன். நனைந்த கல்லில் கீழ்நோக்கி முழங்கால் உயரம் காலை வைக்கும்போது உடல் எடை முழுவதும் ஒரே காலில் விழுகிறது. ஒரு படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு வாரம் மாடிப்படி இறங்க முடியவில்லை. நெவாடா வரைக்கும் போனவர்கள் பாலத்தைக் கடந்து ஜான் மியூர் பாதையில் இறங்குங்கள். ஏறக்குறைய ஒரு மைல் கூடுதல், ஆனால் சரிவு மிதமானது, காய்ந்த பாதை. வெர்னலோடு திரும்புகிறவர்கள் அங்கிருந்து கிளார்க் பாயின்ட் என்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறி, அதே ஜான் மியூர் பாதையைப் பிடிக்கலாம். இறங்குவதற்காக ஏறுவதா என்று தோன்றும். ஏறுங்கள், முழங்கால் உங்களை வாழ்த்தும். அதோடு, இந்தப் பாதையில்தான் நெவாடா அருவியும், பக்கத்தில் லிபர்ட்டி கேப் பாறையும், ஹாஃப் டோம் என்ற பெரிய பாறைமலையின் முதுகும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. ஓரிடத்தில் தலைக்கு மேல் நீண்டிருக்கும் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, கூரையிலிருந்து மழைத் தண்ணீர் வடிவது போல. முழுச் சுற்றும் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். நாங்கள் மதியம் ஒன்றரைக்கு டென்ட்டில் இருந்தோம். அம்மா சாதம் வடித்து, மோர் மிளகாய் வறுத்து வைத்திருந்தார்.

அன்று மாலையே அம்மாவை மிரர் லேக்குக்கு அழைத்துப் போனோம். முகாமிலிருந்தே நடக்கலாம், அல்லது ஷட்டிலில் 17-ஆம் எண் நிறுத்தத்தில் இறங்கி ஒரு மைல். ஏற்றம் மிகக் குறைவு, பழைய தார்ச்சாலை. நடக்க முடியாதவர்களுக்கான அடையாள அட்டை இருந்தால் காரையே மெதுவாக ஓட்டிச் செல்ல அனுமதி உண்டு. சக்கர நாற்காலியில் பெற்றோரை அழைத்து வருபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏரி என்று பெயரே தவிர, அது டெனாயா ஓடை கொஞ்ச நேரம் தங்கிச் செல்லும் இடம்தான். முன்பு ஆண்டுதோறும் மணலை அள்ளி ஏரியாக வைத்திருந்தார்கள். 1971-இல் அதை நிறுத்திவிட்டார்கள். மணல் தன் போக்கில் சேர்கிறது, கோடைக் கடைசியில் வெறும் மணல்வெளியாகிவிடும். மே மாதக் கடைசியில் தண்ணீர் நிறைய இருந்தது. ஹாஃப் டோம் நேர் மேலே நிற்க, அதன் நிழலுருவம் கீழே கிடந்தது. அம்மா செருப்பைக் கழற்றி ஓரத் தண்ணீரில் காலை வைத்து, ஐந்து விநாடிகூடத் தாங்காமல் எடுத்துவிட்டார். அவர் அதிகம் ரசித்தது இந்த இடத்தைத்தான். இரைச்சல் இல்லை, பேசிக்கொண்டே நடக்க முடிந்தது.

மூன்றாம் நாள் ஃபோர் மைல் ட்ரெயில். பெயரை நம்ப வேண்டாம், ஒரு பக்கமே 4.8 மைல், 3,200 அடி ஏற்றம். 1872-இல் காசு வாங்கி ஆட்களை விட்ட பாதை. பிற்பாடு வளைவுகளை நீட்டித் திருத்தியதில் மைல் கூடிவிட்டது, பெயர் அப்படியே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் தனியாக ஏறினார். பாதை முடியும் க்ளேசியர் பாயின்ட் என்ற காட்சிமுனை வரைக்கும் கார்ச்சாலையும் உண்டு, பனி போய்த் திறந்திருந்தது. நாங்கள் மூவரும் காரில் சுற்றிப் போய் அவரை மேலே சந்தித்தோம். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் ஏற ஆசை இருந்தால் இது அருமையான ஏற்பாடு. ஏறியவர் இறங்க வேண்டாம், மற்றவர்களுக்கும் காட்சி கிடைத்துவிடும். அங்கிருந்து பார்த்தபோது வெர்னலும் நெவாடாவும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. அவ்வளவு தூரத்திலும் அவற்றின் சத்தம் மெலிதாகக் கேட்டது. அம்மா வெகுநேரம் நான் நின்ற இடத்தையும் தான் நின்ற பாலத்தையும் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். பாலம் மரத்துக்குள் மறைந்திருந்தது, இருக்கும் திசையைக் காட்டினேன்.

மற்றப் பாதைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பர் யோசெமிட்டி அருவிப் பாதை 2,700 அடி ஏற்றம், போக வர 7.2 மைல். முழுதும் முடியாவிட்டால் ஒரு மைலில் வரும் கொலம்பியா ராக் வரைக்கும் போய்த் திரும்பலாம். அதற்கே 1,000 அடி ஏற வேண்டும். ஹாஃப் டோம் உச்சிக்கு நாங்கள் முயலவில்லை. போக வர 14 மைலுக்கு மேல், கடைசி 400 அடி இரும்புக் கம்பிவடங்களைப் பிடித்து ஏற வேண்டும், அதற்குக் குலுக்கலில் அனுமதி வாங்க வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

பருவத்தைத் தவறவிட்டால் இதில் பாதி இல்லை. குற்றாலத்துக்கு ஆனியும் ஆடியும் எப்படியோ, இங்கே மேயும் ஜூன் முதல் பாதியும் அப்படி. நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருகிறது, இவர்களுக்குப் பனி உருகித் தருகிறது. இரண்டாம் தடவை ஆகஸ்ட்டில் வந்து, 2,425 அடி உயர யோசெமிட்டி அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பாறைக் கறையை மட்டும் பார்த்துத் திரும்பினோம். வெர்னலிலும் நெவாடாவிலும் கோடை முழுக்கத் தண்ணீர் இருக்கும், ஆனால் படிகளில் சாரல் இராது. முழங்கால் பயம் உள்ளவர்கள் வேண்டுமென்றே ஆகஸ்ட், செப்டம்பரில் வரலாம். படிகள் காய்ந்திருக்கும். எனக்குச் சாரல் வேண்டும்.

நான் அரை மதிப்பெண் குறைத்தது கூட்டத்துக்காக. காலை பத்து மணிக்கு மேல் எந்தப் பாதையிலும் அமைதி கிடையாது. சாயங்காலம் முகாமில் விறகுப் புகை கவிந்துவிடும், ஆஸ்துமா உள்ளவர்கள் யோசித்து வர வேண்டும். கொண்டு வர வேண்டியதில் நான் அழுத்திச் சொல்வது மூன்று: பிடிமானம் உள்ள அடிப்பாகத்தோடு ஷூ, ஆளுக்கொரு மழை அங்கி, பெரியவர்களுக்கு இரண்டு நடைக்கோல். ஒரு கோல் போதாது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வெர்னல் என்ற பெயரை வைத்தவர் 1851-இல் இங்கே நுழைந்த படையோடு வந்த லஃபயெட் பன்னல். இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவனீச்சி மக்களைத் துரத்த வந்த படை அது. அவர் பெயர் வைக்கும் முன்பே அந்த அருவிக்கு யானோபா என்று ஒரு பெயர் இருந்திருக்கிறது, 'சின்ன மேகம்' என்று பொருள். பாலத்தில் நின்று சாரலில் நனைந்தவர்களுக்கு எந்தப் பெயர் பொருந்துகிறது என்று தெரியும். அம்மா தென்காசிக்கு, சித்தியிடம் போனில் பேசும்போது அந்தப் பெயரைத்தான் சொன்னார்.

கடைசி நாள் பகல் 12 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். டென்ட்டை மடித்து, மேசையைத் துடைத்து முடித்த பிறகு கரடிப் பெட்டியைத் திறந்தேன். சாமான் எல்லாம் எடுத்தாகிவிட்டது, ஆனாலும் உள்ளே பெருங்காய மணம் அப்படியே இருந்தது. அடுத்து வருகிறவர்கள் சங்கடப்படக் கூடாது என்று அம்மா ஈரத்துணியால் மூலை மூலையாகத் துடைத்தார். நான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். மூன்று தடவை துடைத்து, கதவைச் சற்று நேரம் வெயில் பக்கமாகத் திறந்து வைத்து, முகர்ந்து பார்த்து, அப்புறம்தான் தாழ்ப்பாளைப் போட்டார்.